உயிரை ஒப்படைக்கும் இடம்

(பழைய ஆஸ்பத்திரிப் படங்களைப் பற்றித் திரைப்பட ரசிகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1962 ஜூலையில் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ வெளியானது. அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றைக்கும் ஏதாவது ஒரு தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடினால், அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அதில் சண்டைக் காட்சி இல்லை. ஊர், வயல், ஆறு எதுவும் இல்லை. ஏறக்குறைய முழுப் படமும் ஒரு ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது. நிஜ ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்படி ஆகிவிடக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொள்கிறவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, ஆஸ்பத்திரிக்குள் போய் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தோமே, எதற்காக? இந்தக் கேள்வியைத்தான் உங்களோடு சேர்ந்து யோசிக்க வந்திருக்கிறேன்.

படம் உருவான விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இயக்குநர் ஸ்ரீதருக்கு அப்போது முப்பது வயது நிறையவில்லை. ‘கல்யாணப் பரிசு’ என்ற முதல் படத்திலேயே தமிழ்நாட்டைத் திரும்பிப் பார்க்க வைத்தவர். 1961-இல் தம் சித்ராலயா நிறுவனத்துக்காக எடுத்த ‘தேன் நிலவு’ படத்துக்குக் காஷ்மீர் வரை போனார். ஏரியும் படகுமாக எடுத்துக்கொண்டு வந்தார். அப்படி ஊர்சுற்றிப் படமெடுத்த மனிதர் மறுவருஷமே நான்கு சுவருக்குள் போய் உட்கார்ந்தார். கலை இயக்குநர் கங்கா, ஸ்டுடியோவில் ஒரு ஆஸ்பத்திரியை நிறுத்தினார். அந்த ஒரே செட்டில், ஒரு மாதத்துக்கும் குறைவான நாட்களில் படம் முடிந்தது. சிவாஜியும் எம்.ஜி.ஆரும் ஆண்ட காலத்தில் அவர்கள் இருவருமே இல்லாத படம் இது. கன்னடத்தில் பேர் வாங்கிய கல்யாண்குமார் டாக்டர். நாடக மேடையிலிருந்து வந்து சினிமாவில் நிலைக்கப் போராடிக்கொண்டிருந்த முத்துராமன் நோயாளி. அவர் மனைவியாகத் தேவிகா.

கதை உங்களில் பலருக்கும் தெரியும். இளையவர்களுக்காக நாலு வரி சொல்கிறேன். வேணுவுக்குப் புற்றுநோய். மனைவி சீதா அவனை ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறாள். அங்கே வைத்தியம் பார்க்கப்போகும் டாக்டர் முரளி, ஒரு காலத்தில் அவள் காதலித்தவன். அவளை இழந்த பிறகு கல்யாணமே வேண்டாம் என்று நோயாளிகளோடு வாழ்கிறவன். நாள் செல்லச் செல்ல வேணுவுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. நான் பிழைக்காவிட்டால் நீங்கள் சீதாவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அந்த டாக்டரிடமே கேட்கிறான். முரளி இரவும் பகலும் பாடுபட்டு, அறுவைச் சிகிச்சை செய்து வேணுவைக் காப்பாற்றுகிறான். காப்பாற்றிய கையோடு தானே செத்துப்போகிறான்.

கதைச் சுருக்கமாகக் கேட்டால் கண்ணீர் பிழிகிற கதை என்று தோன்றும். திரையில் பார்க்கும்போது நடப்பது வேறு. இந்தப் படத்தில் வில்லனே கிடையாது. மூன்று பேரும் நல்லவர்கள். அப்படியிருந்தும் நாம் இருக்கையின் நுனிக்கு வந்துவிடுகிறோம். ஏன் என்று பாருங்கள். அந்த டாக்டர் கை ஒரு நிமிஷம் தயங்கினால் போதும், வேணு பிழைக்க மாட்டான். யாரும் கேட்கப்போவதில்லை. புற்றுநோய் அல்லவா, அவன் விதி அவ்வளவுதான் என்று ஊரே சொல்லிவிடும். போலீஸ் வராது, கோர்ட்டு வராது. அந்த அறைக்குள் முரளிக்கு அவன் மனச்சாட்சி ஒன்றுதான் சாட்சி. சீதாவுக்கே ஒரு கட்டத்தில் அந்தப் பயம் வந்துவிடுகிறது. பழைய பகையை மனதில் வைத்துக்கொண்டு இவர் என் புருஷனைச் சரியாகக் கவனிப்பாரா என்று சந்தேகப்படுகிறாள். ஒரு காலத்தில் காதலித்த பெண்ணின் கண்ணில் அந்தச் சந்தேகத்தைப் பார்க்கிற முரளியின் முகம் இருக்கிறதே, அதில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. அவனுக்குக் காதல் போன வலியைவிடத் தன் தொழிலின் மேல் விழுந்த சந்தேகம் பெரிய வலியாக இருக்கிறது.

நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். பழைய ஆஸ்பத்திரிப் படங்கள் நோயைப் பற்றிய படங்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவை ஒப்படைப்பைப் பற்றிய படங்கள். முன்பின் தெரியாத ஒருவர் கையில் நம் உயிரை, நம் ஆளின் உயிரை, முழுதாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறோமே, அந்தச் செயலைப் பற்றிய படங்கள்.

நம் அனுபவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் நாம் எங்கே நிற்கிறோம்? வராந்தாவில், பிளாஸ்க்கோடும் ஒரு பையோடும். உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் சம்மதம் என்று அதில் எழுதியிருக்கும். அதை முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர் இருப்பீர்கள்? கை நடுங்க ஒரு கிறுக்கல் கிறுக்கிவிட்டு நகையைக் கழற்றி வாங்கிக்கொள்கிறோம். கதவு சாத்திக்கொள்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது. அதற்குப் பிறகு உள்ளே என்ன நடந்தது என்று நமக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. டாக்டர் வெளியே வந்து சொல்லும் இரண்டு வார்த்தைதான் நமக்குக் கிடைக்கிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் நம்மை அழைத்துப்போனது சினிமா. வெட்டுகிற கத்தியைக் காட்டுவது பெரிய விஷயமில்லை. வெட்டுகிறவரின் மனதைக் காட்டியது. உள்ளே இருப்பவரும் நம்மைப் போலத் தவிக்கிறார் என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனோம். அந்த ஆறுதலுக்காகத்தான் ஜனங்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் காலத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தைச் சுமந்துகொண்டே, சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தது 1954-இல்தான். பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. படம் வந்தபோது அதற்கு எட்டு வயது. புற்றுநோய் என்ற சொல்லைக் காதில் வாங்கவே ஜனங்கள் பயந்த நேரம். வந்தால் போக வேண்டியதுதான் என்பது பொது முடிவு. கொட்டகையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வேணு சாவான், டாக்டர் தனியாக நிற்பார் என்று எண்ணித்தான் கைக்குட்டையை எடுத்திருப்பார்கள். ஸ்ரீதர் நோயாளியைப் பிழைக்க வைத்து டாக்டரை எடுத்துக்கொண்டார். புற்றுநோய் வந்தவனும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகலாம் என்று 1962-இல் ஒரு வணிகப் படம் சொன்னது சின்ன காரியம் இல்லை.

படத்தில் எனக்கு உறுத்தும் இடமும் உண்டு. நான் போனபின் என் மனைவியை நீ பார்த்துக்கொள் என்று இரண்டு ஆண்கள் பேசி முடிவுசெய்யப் பார்க்கிறார்களே, அவளை யார் கேட்டார்கள்? ஸ்ரீதர் அந்தக் கேள்வியைச் சீதாவின் வாயிலேயே வைத்தார் என்பதுதான் படத்தைக் காப்பாற்றுகிறது. கணவன் மறுமணப் பேச்சை எடுத்ததும் அவள் பாடுகிற சுசீலாவின் பாட்டு, கெஞ்சல் போலத் தொடங்கி விசாரணையாக மாறுகிறது. விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் சித்தார், கண்ணதாசனின் சொல், தேவிகாவின் அசையாத கண்கள். ஒரு சின்ன அறை, ஒரு கட்டில். அதற்குள் ஒளிப்பதிவாளர் வின்சென்ட் செய்திருப்பதைத் தயவுசெய்து செல்பேசியில் பார்க்காதீர்கள், பெரிய திரையில் பாருங்கள். நகர இடமில்லாத அறையில் கேமரா புதுப்புதுக் கோணம் தேடி அலைகிறது. அடைபட்ட மனசு வெளியே போக வழி தேடுவது அந்த அலைச்சலில் தெரிகிறது. மலையும் ஏரியும் தர முடியாததை அந்தக் கட்டில் தந்துவிட்டது.

ஸ்ரீதரே இந்தக் கதையை மறுவருஷம் இந்தியில் ‘தில் ஏக் மந்திர்’ என்று எடுத்தார். ராஜேந்திர குமார், மீனா குமாரி, ராஜ்குமார் நடித்தார்கள். பிறகு தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று போனது. மொழி மாறினாலும் வராந்தாவில் நிற்கிறவர்களின் மனசு ஒன்றுதான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இதே படத்தில் நாகேஷ் வார்டு பாயாக வந்து சிரிக்க வைத்திருப்பார். மூன்றே ஆண்டில் அவரை நோயாளிக் கட்டிலில் படுக்க வைத்தார் கே. பாலசந்தர். அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டுவந்தவர் அவர். தம் நாடகம் ஒன்றையே எடுத்துக்கொண்டு 1965-இல் இயக்கிய முதல் படம் ‘நீர்க்குமிழி’. இதுவும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும் கதை. ஆனால் ஸ்ரீதர் நின்ற இடத்துக்கு நேர் எதிரே போய் நிற்கிறார் பாலசந்தர். இங்கே டாக்டரால் எதுவும் செய்ய முடியாது. மேஜர் சுந்தரராஜன், சௌகார் ஜானகி என்று டாக்டர்கள் இருக்கிறார்கள், நல்லவர்களாகவும் இருக்கிறார்கள். வார்டையே சிரிக்க வைத்துக்கொண்டு திரியும் அநாதை சேதுவுக்கோ சாவு நிச்சயம். அதை அவனிடம் சொல்வதா, மறைப்பதா? ஒப்படைத்தவனிடம் உண்மையைச் சொல்லும் கடமை டாக்டருக்கு உண்டா? இன்றைய மருத்துவக் கல்லூரிகளில் பாடமாகவே நடத்துகிற இந்தக் கேள்வியை அன்றைக்கு ஒரு நகைச்சுவை நடிகரை வைத்துக் கேட்டார் பாலசந்தர். நாகேஷின் ஒல்லி உடம்பு அதுவரை நமக்குச் சிரிப்பு மூட்டியது. அதே உடம்பைப் பார்த்துத் தொண்டை அடைக்க வைத்தது ‘நீர்க்குமிழி’. சுரதா எழுதி, வி. குமார் இசையில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பாட்டு இன்றும் சாவு வீடுகளில் ஒலிக்கிறது. அது ஒரு சினிமாப் பாட்டு என்பதே பலருக்கு மறந்துவிட்டது.

இரண்டில் எது பெரிய படம் என்று கேட்டால் எனக்கு ‘நீர்க்குமிழி’தான். உருவத்தில் நாடக வாடை போகாத படம், அதை மறுக்கவில்லை. ஆனால் காப்பாற்ற முடியாத நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் வைத்தியம்தான் என்று சொல்ல அதற்குத் துணிச்சல் இருந்தது.

‘பாலும் பழமும்’ படத்தை விட்டுவிட்டுப் போனால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். 1961, பீம்சிங், சிவாஜி, சரோஜாதேவி. பாட்டுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புற்றுநோய்க்கு மருந்து தேடும் டாக்டர் ரவி. அவர் ஆராய்ச்சிக்குத் துணை நின்று மனைவியாகவும் ஆகிற நர்ஸ் சாந்தி. அவளுக்குக் காசநோய் வருகிறது. ஆராய்ச்சியை விட்டுவிட்டு அவளையே கவனித்துக்கொண்டிருக்கிறார் ரவி. தன்னால் அவர் வேலை கெடுகிறதே என்று அவள் வீட்டைவிட்டே போய்விடுகிறாள்.

இதில் ஒரு விஷயம் என் மனதை அறுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் படம் எடுத்த அதே சென்னையில், 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. வீட்டிலேயே மருந்து சாப்பிடும் நோயாளிகளையும் சானட்டோரியத்தில் தங்கிச் சாப்பிடும் நோயாளிகளையும் ஓராண்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழைகள் அவர்கள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் மற்றவர்களுக்குத் தொற்று கூடிவிடவும் இல்லை. காசநோய் வந்தவரை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டியதில்லை என்று உலகத்துக்கே சொன்னது நம் சென்னை. உலக நாடுகள் சானட்டோரியத்தை விட்டு விலகியதற்கு அந்த ஆய்வு பெரிய காரணம். அது வெளியாகி இரண்டு வருஷம் கழித்து, நம் திரையில் ஒரு நர்ஸ், டாக்டரின் மனைவி, காசநோய்க்காக வீட்டைவிட்டுப் போகிறாள். படத்தைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. விஞ்ஞானம் ஒரு தெருவில் வேகமாக நடக்கிறது, ஜனங்களின் பயம் இன்னொரு தெருவில் மெதுவாக வருகிறது. சினிமா எப்போதும் பயத்தோடுதான் சேர்ந்து நடக்கும். அதனால்தான் அது மனசைத் தொடுகிறது. அதனால்தான் அதை அப்படியே நம்பிவிடவும் கூடாது.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செவிலியர் கல்லூரி மாணவியரே, உங்களிடம் குறிப்பாக ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்ப் படம் இல்லை. 1959-இல் அசித் சென் வங்காளத்தில் எடுத்த ‘தீப் ஜ்வேலே ஜாய்’. சுசித்ரா சென் நடித்தது. மனநல மருத்துவமனை ஒன்றில் ராதா நர்ஸ். காதலில் ஏமாந்து மனம் சிதறியவர்களுக்கு ஒரு நர்ஸ் அன்பு காட்டுவது போல நடித்தால் குணமாகும் என்று தலைமை டாக்டர் ஒரு பரிசோதனை செய்கிறார். ராதா ஒருவனைக் குணப்படுத்துகிறாள். நடிக்கப் போனவள் நிஜமாகவே அவனை விரும்பிவிடுகிறாள். அவன் குணமாகி, நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். அடுத்த நோயாளி வருகிறான். மறுபடியும் அதைச் செய் என்கிறார்கள். கடைசியில் அவளே நோயாளியாகி அங்கேயே அடைபடுகிறாள். தெலுங்கில் சாவித்திரி நடித்து 1960-இல் ‘சிவரகு மிகிலேதி’ என்று வந்தது. இந்தியில் அசித் சென்னே பிறகு வஹீதா ரஹ்மானை வைத்து ‘காமோஷி’ என்று எடுத்தார்.

ஒப்படைப்பு என்று இவ்வளவு நேரம் பேசினேனே, அதன் மறுபக்கம் இந்தப் படத்தில் இருக்கிறது. நோயாளி தன்னை நர்சிடம் ஒப்படைக்கிறான். நர்ஸ் தன்னை யாரிடம் ஒப்படைப்பது? சேவை, தியாகம், பொறுமை என்று பெரிய சொற்களைச் சொல்லி ஒரு நிறுவனம் ஒரு பெண்ணின் மனசை மருந்துப் பாட்டில்போல உபயோகித்துவிட்டு, தீர்ந்ததும் வைத்துவிடுகிறது. இதை அறுபது வருஷத்துக்கு முன்னால் இத்தனை கோபத்தோடு சொன்ன வேறொரு இந்தியப் படம் எனக்குத் தெரியாது. நைட் டியூட்டி முடித்துவிட்டு அடுத்த டியூட்டிக்கும் ஆள் இல்லை, நீயே இரு என்ற சொல்லைக் கேட்டவர்களுக்கு ராதா யாரென்று விளக்க வேண்டியதில்லை.

இயக்குநர் குரோசாவாவின் ‘செந்தாடி’யைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நம் ‘நீர்க்குமிழி’ வந்த அதே 1965-இல் ஜப்பானில் வந்தது. ஏழைகளுக்கான ஒரு தர்ம ஆஸ்பத்திரி, முரட்டு மூத்த டாக்டராக மிஃபூனே, அவரிடம் வேண்டாவெறுப்பாக வந்து சேரும் இளம் டாக்டர். எல்லா நோய்க்கும் வேர் வறுமைதான் என்று அந்த மூத்தவர் கண்டுகொண்டிருக்கிறார். ஸ்ரீதரும் பாலசந்தரும் தொடாத இடம் அது. நம் பழைய படங்களில் ஆஸ்பத்திரி எப்போதும் சுத்தமாக இருக்கும், படுக்கை விரிப்பு வெள்ளையாக இருக்கும், பில் வராது. பெரியாஸ்பத்திரியில் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவர்களை நம் கேமரா அன்று பார்க்கவில்லை. இந்தக் குறையை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு பில் வந்தது. நாற்பது வருஷம் கழித்து, 2002-இல் வந்த ‘ரமணா’வை நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே இறந்துபோன ஒருவரின் உடலைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அவர்கள் அதை உள்ளே வைத்துக்கொண்டு வைத்தியம் நடப்பதாகச் சொல்லிப் பணம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தமிழ்நாடு முழுக்கக் கைதட்டிய காட்சி அது. 1962-இல் அந்தக் கதவுக்குப் பின்னால் நமக்காக ஒருவர் செத்துக்கொண்டிருந்தார். 2002-இல் அதே கதவுக்குப் பின்னால் செத்தவரை வைத்து வியாபாரம் நடக்கிறது. கதவு ஒன்றுதான். வெளியே நிற்கிற நம் நம்பிக்கை அறுந்துவிட்டது. ஆஸ்பத்திரிகளையும் அங்கே வேலை செய்கிறவர்களையும் தாக்குதலிலிருந்து காப்பாற்ற 2008-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட வேண்டிவந்தது. அந்தக் கைதட்டலையும் இந்தச் சட்டத்தையும் நான் தனித்தனியாகப் பார்க்கவில்லை.

பழைய படங்கள் பொய் சொன்னவை, புதியவை உண்மை சொல்கின்றன என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொள்ளையடிக்கிற ஆஸ்பத்திரி இருக்கிறது, கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் நெஞ்சுவலி வந்த நள்ளிரவில், சந்தேகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. அந்த நேரத்தில் யாரையாவது நம்பியே ஆக வேண்டும். நம்பத் தகுந்தவர் எப்படி இருப்பார் என்பதற்கு ஒரு முகம் வேண்டும். நம் இரண்டு தலைமுறைக்கு அந்த முகத்தைக் கொடுத்தவை இந்தப் படங்கள். டாக்டர் முரளி மாதிரி ஒருவர் நிஜத்தில் இருக்க முடியாது என்பீர்கள். இருக்கட்டும். அப்படி ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், எதிரில் இருக்கும் டாக்டரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டு வந்தார்கள். நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார், தன் சொந்த விருப்பு வெறுப்பைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வருவார். இதில் எதுவும் அதிகப்படியான ஆசை இல்லை.

இந்தக் கூட்டத்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, ‘நீர்க்குமிழி’ இரண்டையும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் செவிலியர் கல்லூரிகளுக்கும் எடுத்துச் செல்லுங்கள். நல்ல பிரதியாகப் பெரிய திரையில் போடுங்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, மாணவர்களைப் பேச விடுங்கள். அவர்களோடு கூட, வராந்தாவில் நின்று பழகிய சாதாரண ஜனங்கள் பத்துப் பேரையும் அழைத்து உட்கார வையுங்கள். இரண்டு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசிக்கொள்ள நம் ஊரில் வேறு இடம் இல்லை.